சோல் பிரிவது எங்கே தொடங்குகிறது?

கொல்லிமலையில் செம்மேடு, சோளக்காடு பக்கம் மளிகைக் கடை நடத்தும் நம் அன்பர்களுக்குச் செருப்பு வியாபாரம் என்று தனியாக ஒன்று கிடையாது. வாசலில் ஒரு கயிற்றைக் கட்டி, பிளாஸ்டிக் வாளி, தார்ப்பாய், மண்வெட்டிப் பிடி இவற்றுக்குப் பக்கத்தில் நாலு சைஸ் ஹவாய் செருப்பையும், பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் கறுப்பு ஷூவையும் தொங்க விடுவதோடு சரி. அரிசிக்கும் மிளகுக்கும் காட்டுகிற கவனத்தை இதற்கு யாரும் காட்டுவதில்லை. ஆனால் திரும்பி வருகிற சரக்கு என்று பார்த்தால் இதைப் போலத் தொல்லை கொடுப்பது வேறொன்றில்லை. பருப்பில் வண்டு விழுந்தால் வெயிலில் காய வைத்துப் புடைத்து எடுக்கலாம். சோல் விட்ட ஷூவை என்ன செய்வது? “ஏனுங்க, வாங்கி ஒரு மாசம் ஆகலை, வாயைப் பொளந்துருச்சு” என்று வாடிக்கையாளர் பலகை மேல் வைத்தால், அவர் முகத்தைப் பார்ப்பதா, நம் கல்லாவைப் பார்ப்பதா?

மலை வழக்கமே வேறு. நாமக்கல் டவுனில் நன்றாக உழைக்கிற அதே ஜோடி மேலே வந்தால் சீக்கிரம் பிரிகிறது. ஏறும்போது பாதத்தின் முன்பாகத்தில் சோல் மடங்கி மடங்கி விரிகிறது. இறங்கும்போது உடம்பின் எடை முழுவதும் விரல் நுனிக்குத் தள்ளப்பட்டு, அந்த முனையில் சோலையும் மேல்தோலையும் பிரிக்கப் பார்க்கிறது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஏறி வந்த சுற்றுலாப் பயணி, கையில் ஷூவைப் பிடித்துக்கொண்டு கடை தேடி வருவதைச் செம்மேட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். போதாததற்கு மழை, பனி, மிளகுக் கொடிக்கும் வாழைக்கும் நடுவே எந்நேரமும் ஈர மண்.

பிரிந்தவுடன் எல்லோரும் பசையைத் திட்டுவோம். மொத்த வியாபாரத்தில் இத்தனை வருஷம் இருந்ததில் நான் கண்டது, பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பாதி காரியம் கெட்டுப் போயிருக்கும் என்பதுதான். சோல் ஒட்டுவதற்கு முன் மேல்தோலின் அடிப்பக்கத்தையும், சோலின் ஒட்டும் முகத்தையும் சொரசொரப்பாக்க வேண்டும். இதற்குத் தொழிலில் ரஃபிங் என்று பெயர். சோல் ஒட்டிய பிறகு அதன் விளிம்பைச் சீவி, தேய்த்து, சாயம் ஏற்றி, மெருகு போடுவது ஃபினிஷிங். தோல் சோல் என்றால் அடிப்பக்கத்தையும் தேய்ப்பார்கள். இந்த இரண்டு வேலைக்கும் வேண்டியது சுழலும் சக்கரமும் அதன் மேல் உப்புத்தாளும்தான். பார்த்தால் சாணை பிடிக்கிற சமாசாரம் மாதிரி இருக்கும். அந்தச் சக்கரத்தில் செய்த திருத்தங்கள் நம் கடைப் பலகை வரைக்கும் வந்து சேருகின்றன என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கண்ணாடிச் சில்லிலிருந்து மெஷினுக்கு

மெஷின் வருவதற்கு முன்னால் சோல் விளிம்பைக் கத்தியால் சீவி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எலும்பாலோ வழவழப்பான கட்டையாலோ மெழுகு போட்டுத் தேய்ப்பார்கள். சந்தையோரம் மூன்று கால் இரும்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தொழிலாளியிடம் இந்த வித்தையை இன்றைக்கும் பார்க்கலாம். கையின் தயவில் செய்த வேலை ஒரு விதத்தில் உயர்ந்தது. எங்கே தோல் மெலிந்திருக்கிறது, எங்கே அழுத்தக் கூடாது என்று விரலுக்கே தெரியும். நாளைக்கு எத்தனை ஜோடி என்று கேட்டால்தான் சங்கடம்.

வெளிநாட்டில் ஷூத் தொழில் மெஷினுக்கு மாறியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அமெரிக்காவில் லைமன் பிளேக் என்பவர் 1858-இல் சோலை மேல்தோலோடு சேர்த்துத் தைக்கும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். மேல்தோலைக் கால் வடிவக் கட்டை மேல் இழுத்து மாட்டும் வேலைதான் கடைசி வரை கைக்கே விட்டிருந்தது. தென் அமெரிக்காவின் சூரினாமில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரத்தில் கூலி வேலை பார்த்த ஜான் மாட்செலிகர் 1883-இல் அதற்கும் மெஷின் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். கையால் ஒருவர் நாளைக்கு 50 ஜோடி மாட்டிக்கொண்டிருந்த இடத்தில் மெஷின் 150 ஜோடியில் ஆரம்பித்து, பிற்பாடு 700 வரை போனது. முன்பகுதி வேலை இவ்வளவு வேகமாக முடிந்ததும், சோலைச் சீவித் தேய்க்கும் அறையில் சரக்கு குவியத் தொடங்கிற்று. விளிம்பு சீவ ஒன்று, குதிகால் தேய்க்க ஒன்று, சூடான இரும்பால் மெழுகை அழுத்தி மெருகேற்ற ஒன்று, அடிப்பாகம் தேய்க்க ஒன்று என்று தனித்தனி மெஷின்கள் அந்த அறைக்குள் வந்து சேர்ந்தன.

இதில் நம் பக்கத்துக்காரர்கள் ரசிக்கத்தக்க ஒரு விஷயம். லின் நகரத்துக்குப் பக்கத்தில் சேலம் என்றே ஒரு ஊர் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் குடியேறும் முன் அந்த இடத்துக்கு அங்கிருந்த பழங்குடி மக்கள் வைத்திருந்த பெயர் நௌம்கீக். சோலின் இடுப்புப் பகுதியை, அதாவது குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் குழிந்திருக்கும் இடத்தை, மெத்தென்ற சிறு குமிழில் உப்புத்தாளைப் போர்த்தித் தேய்க்கிற மெஷினுக்கு ஷூத் தொழிலில் நௌம்கீக் என்றுதான் பெயர். நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வாடகைக்கு விட்ட மெஷின்

வியாபாரி என்ற முறையில் இந்தச் சரித்திரத்தில் என்னைக் கவர்ந்தது வேறு. 1899-இல் அமெரிக்காவின் பெரிய ஷூ மெஷின் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து யுனைடெட் ஷூ மெஷினரி என்ற ஒரே கம்பெனியாயின. முக்கியமான மெஷின்களை அவர்கள் விற்பதே இல்லை, வாடகைக்குத்தான் விடுவார்கள். பலவற்றுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கட்டணம். ரிப்பேர் செய்ய அவர்கள் ஆளே வருவார். இது ஏகபோகம் என்று அரசாங்கம் 1947-இல் வழக்குப் போட்டது. 1953-இல் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பாகி, மெஷினை விற்கவும் வேண்டும் என்று உத்தரவாயிற்று. தீர்ப்பு சரிதான். ஒரே ஆளிடம் ஊரே மாட்டிக்கொள்வது நல்லதல்ல என்பதை மண்டிக்காரனான நான் மறுக்க முடியாது. அதே சமயம் கைமுதல் இல்லாத சிறிய பட்டறைக்காரனும் அந்த வாடகை முறையால் நல்ல மெஷினில் வேலை செய்ய முடிந்தது என்பதும் உண்மை. இதைப் பின்னால் திரும்பவும் தொடுகிறேன்.

தேயத் தேய வேகம் குறையும்

பழைய ஃபினிஷிங் மெஷினில் ஒரே மோட்டார், ஒரே நீளத் தண்டு. அதில் வரிசையாகச் சக்கரங்கள், பிரஷ்கள். எல்லாம் ஒரே சுற்றில் ஓடும். நம் மின்சாரத்தில் சாதாரண மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள புதுச் சக்கரத்தை அதில் மாட்டினால், அதன் விளிம்பு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,130 மீட்டர் ஓடுகிறது. தேய்ந்து 20 சென்டிமீட்டர் ஆனால் அதே மோட்டாரில் 905 மீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. வேலை செய்கிறவர் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் அழுத்துவார். அழுத்தினால் சூடு.

தோல் சோல் காலத்தில் அந்தச் சூட்டைத் தோல் ஓரளவு பொறுத்துக்கொண்டது. இப்போது நாம் விற்பதில் தோல் சோல் எத்தனை? டி.பி.ஆர்., பி.வி.சி., ஈ.வி.ஏ., பி.யு. என்று எல்லாம் வேறு சரக்கு. இவற்றில் டி.பி.ஆர். சூடு பட்டால் இளகும். சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் சொரசொரப்பு உண்டாவதற்குப் பதில், மேலே பளபளவென்று ஒரு படலம் மூடிக்கொள்கிறது. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். பசை அதில் ஊன்றாது. இளகிய ரப்பர் உப்புத்தாளின் பல் இடுக்கிலும் அப்பிக்கொள்ள, அடுத்த ஜோடி இன்னும் மோசமாகிறது.

ஆகவே மெஷினில் வந்த திருத்தங்கள் பெரும்பாலும் இந்தச் சூட்டையும் வேகத்தையும் சுற்றியே இருக்கின்றன. சக்கரத்துக்குச் சக்கரம் தனி மோட்டார் வைத்து, இன்வெர்ட்டர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சேர்த்திருக்கிறார்கள். தோலுக்கு ஒரு வேகம், ரப்பருக்கு அதைவிடக் குறைந்த வேகம் என்று திருப்பிக்கொள்ளலாம். உப்புத்தாளுக்கு அடியில் மெத்தை வைத்த சக்கரம் வளைவான இடங்களில் பதமாகப் படிகிறது. தேய்ந்த தாளை வளையமாகக் கழற்றி மாட்ட ஒரு நிமிஷம் போதும் என்பதால், இன்னும் பத்து ஜோடி ஓட்டலாமே என்ற ஆசை குறைகிறது. பெரிய தொழிற்சாலைகளில் ஷூவின் உருவத்தைக் கேமராவோ லேசரோ பார்த்துச் சொல்ல, இயந்திரக் கையே சோலின் எல்லைக்கோடு வரை சொரசொரப்பாக்குகிறது. அந்தக் கோட்டைத் தாண்டித் தேய்த்தால் மேல்தோல் வெளியே அசிங்கமாகத் தெரியும். கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டால் ஓரத்தில் ஒரு மயிரிழை ஒட்டாமல் கிடக்கும். அந்த மயிரிழையில்தான் கொல்லிமலைத் தண்ணீர் நுழைகிறது.

எல்லாச் சரக்குக்கும் தேய்ப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். டி.பி.ஆர். சோலைத் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் குளோரின் சேர்ந்த திரவம் ஒன்றைப் பூசிக் காய வைத்தால்தான் பசை பிடிக்கும். ஈ.வி.ஏ.வுக்கு வேறு பூச்சு. பி.வி.சி. சோலில் அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசிந்து சாதாரண நியோப்ரீன் பசையை இளக்கிவிடும். அதற்கு பி.யு. பசைதான். அச்சில் வார்த்து எடுக்கும் சோலுக்குப் பிசிறு நறுக்குவதைத் தவிர ஃபினிஷிங் வேலை அதிகம் இல்லை என்று நினைப்பார்கள். அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவிய சிலிக்கான் அந்தச் சோல் மேல் மிச்சம் இருக்கும். அதைத் துடைக்காமல் ஒட்டினால் எண்ணெய்த் தாள் மேல் ஸ்டாம்பு ஒட்டின கதைதான்.

தூசி

ஃபினிஷிங் அறைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், பத்து நிமிஷத்தில் சட்டைக் காலர் நிறம் மாறிவிடும். இங்கிலாந்தில் நார்தாம்டன்ஷயர் ஷூத் தொழிலுக்குப் பெயர் போன மாவட்டம். அங்கே ஷூத் தொழிலாளர்களுக்கு மூக்கின் உட்பகுதியில் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகமாக வருவதை அச்சிசன் முதலான டாக்டர்கள் 1970-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். தூசி மிகுந்த அறைகளில் வேலை செய்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு தோல் தூசியை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது.

நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே தன் 14-ஆம் பிரிவில், தூசி கிளம்பும் இடத்துக்குக் கூடுமானவரை அருகிலேயே உறிஞ்சும் சாதனம் வைக்கச் சொல்லிற்று. நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் கொட்டகைக்குச் சட்டத்தின் கை எட்டாது. அங்கே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்ப்பார்கள். மெஷினில் செய்யப்பட்ட திருத்தங்களில் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால், சக்கரத்தை ஒட்டி ஒரு தகரக் கூடு அமைத்து, விசிறியால் தூசியை இழுத்துப் பையில் சேர்க்கிற ஏற்பாட்டைத்தான் சொல்வேன். வேகக் கட்டுப்பாடு, கேமரா எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். இதனால் ஆளுக்கும் நன்மை, சரக்குக்கும் நன்மை. தேய்த்த இடத்தில் தூசி தங்கினால் பசை தூசியைத்தானே பிடிக்கும், தோலைப் பிடிக்காதே. தேய்த்ததை அன்றைக்கே பிரஷ் போட்டுத் துடைத்து, அன்றைக்கே பசை தடவ வேண்டும் என்பதும் அதனால்தான். ராத்திரி முழுக்க வெளியில் கிடந்தால் ஈரமும் தூசியும் ஏறிவிடும்.

பிரிந்த ஜோடியைப் பார்த்துப் படிப்பது

இனி நம் கடை விஷயம். திரும்பி வந்த ஷூவை மூலையில் எறியாமல், பிரிந்த இடத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த பசை எந்தப் பக்கம் இருக்கிறது?

பசை முழுதும் சோலோடு போய், மேல்தோல் பக்கம் வழுவழுவென்று இருந்தால், மேல்தோலை யாரும் சரியாகத் தேய்க்கவில்லை. தோலின் மேல் பளபளப்பு அப்படியே இருப்பதை நகத்தால் தடவியே தெரிந்துகொள்ளலாம். மாறாக, பசை மேல்தோலோடு தங்கிச் சோல் மட்டும் சுத்தமாகக் கழன்றிருந்தால், சோலுக்குச் செய்ய வேண்டிய கழுவலோ பூச்சோ நடக்கவில்லை, அல்லது அச்சு சிலிக்கானைத் துடைக்கவில்லை. இரண்டு பக்கமும் பசை இருந்து, நடுவில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்திருந்தால், பசை காய்ந்த பின் சூடு காட்டாமலோ போதிய அழுத்தம் கொடுக்காமலோ ஒட்டியிருக்கிறார்கள். தோலே கிழிந்து, அதன் நார் சோலோடு வந்திருந்தால் ஒட்டியவர் தம் வேலையைச் செய்துவிட்டார். தோல் மட்டம் என்றோ, போட்டவர் படாத பாடு படுத்தினார் என்றோ அர்த்தம்.

இந்த நாலையும் தெரிந்து வைத்திருந்தால் மொத்த வியாபாரியிடம் பேசும் பேச்சே மாறும். “சரக்கு சரியில்லை” என்று நீங்கள் சொன்னால், “மலையில் ஈரம் அதிகம், நாங்கள் என்ன செய்வது” என்று என்னைப் போன்றவர்கள் சொல்லித் தப்பித்துக்கொள்வோம். “இருபது ஜோடியில் ஆறு ஜோடி விரல் முனையில் பிரிந்தது, ஆறிலும் மேல்தோல் தேய்க்கவே இல்லை” என்று காட்டினால் எங்களுக்கும் பதில் இருக்காது, எங்களுக்குச் சரக்கு போட்ட பட்டறைக்கும் பதில் இருக்காது.

வாங்கும்போதே பார்க்க வேண்டியதும் கொஞ்சம் உண்டு. ஷூவை முன்பாகத்தில் மடக்கிப் பிடித்து, சோலும் மேல்தோலும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது உள்ளே இறங்கினால் அந்த ஜோடியை எடுக்க வேண்டாம். விரல் முனை, இடுப்பு வளைவு இரண்டையும் முக்கியமாகப் பாருங்கள். சக்கரம் எட்டாமல் போவது அங்கேதான்.

ஹவாய் செருப்புக்கு ஒட்டும் வேலை இல்லை. நுண்துளை ரப்பர் ஷீட்டை அச்சுக் கத்தியால் வெட்டி, ஓரத்தைச் சாணையில் தேய்த்து, துளை போட்டு வார் மாட்டுகிறார்கள். அதில் வேறு ஒரு வம்பு. இந்த ரப்பர் வெந்து வந்த பிறகு தானாகக் கொஞ்சம் சுருங்கும். ஷீட்டைச் சூட்டறையில் வைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்க விட்டு அதன் பிறகே வெட்ட வேண்டும். அவசரத்தில் வெட்டி ஓரம் தேய்த்து அனுப்பினால், கடையில் தொங்கும்போதே 8-ஆம் நம்பர் 7-ஆம் நம்பர் மாதிரி ஆகிவிடுகிறது. பழைய ஸ்டாக்கில் வலது இடது அளவு ஒத்துப் போகிறதா என்று அடிக்கு அடி வைத்துப் பாருங்கள். ஓரத்தில் எரிந்த மாதிரிக் கறுப்புக் கோடு தெரிந்தால் மழுங்கிய சாணையில் தேய்த்தது.

மெஷினை யார் வாங்குவது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் ஏற்றுமதிச் சரக்குக்காக நல்ல மெஷின்கள் இருக்கின்றன. நம் மலைக் கடைகளில் தொங்கும் சரக்கு அங்கிருந்து வருவது குறைவு. அது சின்னப் பட்டறைகளின் சரக்கு. ஜோடிக்கு ஓரிரு ரூபாய் லாபத்தில் ஓடுகிற அவர்களிடம், உறிஞ்சி வைத்த, வேகம் திருப்பக்கூடிய மெஷின் ஏன் இல்லை என்று கேட்பது சுலபம். நாம்தானே விலையை ஒரு ரூபாய் குறை, இரண்டு ரூபாய் குறை என்று அடித்துப் பேசுகிறோம்? குறைக்கச் சொன்ன அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. பசையில் குறைத்தால் நாற்றத்திலேயே தெரியும், தோலில் குறைத்தால் கண்ணுக்குத் தெரியும். தேய்க்கும் நேரத்தில் குறைத்தால் ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். ஆகவே அங்கேதான் குறைக்கிறார்கள்.

அமெரிக்க வாடகை முறையை முன்னே சொன்னது இதற்காகத்தான். ஜோடிக்கு இவ்வளவு என்று கட்டி, ரஃபிங்கும் ஃபினிஷிங்கும் பொது மெஷினில் செய்துகொள்ளும் வசதி இருந்தால், கைமுதல் இல்லாத பட்டறையும் பிழைக்கும். மத்திய அரசின் குறு, சிறு தொழில் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுப் பயன்பாட்டு மையம் அமைக்க மானியம் தருவது உண்டு. பட்டறைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து கேட்க வேண்டும். நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள், “மையத்தில் தேய்த்த சரக்கு என்றால் ஜோடிக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகத் தருகிறோம்” என்று எழுத்தில் கொடுத்தால் அவர்களுக்கும் துணிவு வரும். கிண்டியில் 1957-இல் தொடங்கிய மத்திய காலணிப் பயிற்சி நிலையமும், அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் நம் மாநிலத்திலேயே இருப்பது நமக்கு அனுகூலம். ஒட்டிய சோலைப் பிரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து சொல்லும் சோதனை இந்தத் தொழிலில் நெடுநாளாக உண்டு. 2024 ஆகஸ்ட் 1 முதல் காலணித் தர ஆணையும் நடைமுறைக்கு வந்திருப்பதால், சரக்கு எடுக்கும்போது அந்த ரகத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பில்லோடு கேட்டு வாங்குவது கடைக்காரருக்குப் பாதுகாப்பு.

கடைசியாக, மலைக் கடை அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பி.யு. சோல் வைத்த ஷூவை வருஷக்கணக்கில் ஈரக் கிடங்கில் வைக்காதீர்கள். அணியாமல் இருந்தாலும் ஈரத்தில் சில பி.யு. ரகங்கள் உள்ளுக்குள்ளேயே உளுத்து, ஒரு நாள் பொடிப்பொடியாக உதிரும். முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். இரண்டாவது, திரும்பி வந்த ஜோடியை நீங்களே சொல்யூஷன் தடவி ஒட்டி எங்களுக்கு அனுப்பாதீர்கள். புதுப் பசை மேலே ஏறிவிட்டால் பழைய குற்றம் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. பிரிந்தது பிரிந்தபடியே, விற்ற தேதியையும் பிரிந்த இடத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஜோடியோடு கட்டி, சோளக்காட்டுச் சந்தைக்கு வந்து திரும்பும் லாரியில் போட்டுவிடுங்கள்.